யானைகளுக்கு நல்ல மாதம்

தவமணி போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய அண்ணன் கணேசன்தான் எனக்குச் சொன்னார். சுபஹ் தொழுதுவிட்டு வந்து என் வான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில், முஸ்லிம்களின் வழக்கப்படி என்னை அண்ணன் என்று அழைத்து, "நானா, தங்கச்சி போயிட்டா" என்றார். அது மாசி மாதம். மழை ஓய்ந்த மாசியில் தவமணி தனியாகக் காட்டுப் பக்கம் போய்வருவது வழக்கம் என்பதால், "எப்ப திரும்பி வாறாவாம்?" என்று கேட்டுவிட்டேன். மறுபக்கத்தில் கணேசன் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

அழுது ஓய்ந்ததும் அவர் கேட்டது இதைத்தான்: "உங்களிட்ட அவட படம் ஏதும் இருக்கா நானா? நோட்டீஸ் அடிக்க வேணும். வீட்டுல ஒண்டும் இல்ல."

என்னிடமும் இல்லை. பல வருடங்களாக ஒரே அறையில், ஒரே மேசையின் இரு பக்கத்தில் இருந்து வேலை செய்தோம். பயணிகளை அழைத்துக்கொண்டு எத்தனையோ இடங்களுக்குப் போனோம். வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள். அவற்றில் ஒன்றிலும் தவமணி இல்லை. யாராவது கமராவைத் தூக்கினால், "தாங்க, நான் எடுத்துத் தாறன்" என்று கையை நீட்டி அதை வாங்கிக்கொள்வார். வீட்டில் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார்கள். முகம் கலங்கிப்போய் வந்தது. கடைசியில் தேற்றாத்தீவிலும் களுதாவளையிலும் மதில்களில் ஒட்டிய நோட்டீஸில் பெயர் மட்டும்தான் இருந்தது. போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்தார்கள். ஏன் படம் இல்லை என்று சாவீட்டில் என்னிடமும் சிலர் கேட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சொல்லக்கூடிய கதை அல்ல அது. அவரோடு பழகியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

போர் முடிந்து, பாதைகள் திறந்து, கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் மட்டக்களப்பைப் பார்க்க வரத் தொடங்கிய காலத்தில்தான் அவரை எனக்குத் தெரியும். காத்தான்குடியில் கடற்கரைப் பக்கம் இருந்த என் புடவைக் கடையைச் சுனாமி கொண்டுபோன பிறகு, ஒரு வானை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். வருகிறவர்களைச் சுற்றிக் காட்டலாம் என்று நினைத்து, நகரத்தில் வாவியைப் பார்த்தபடி ஓர் அறையை அலுவலகத்துக்கு வாடகைக்கு எடுத்தேன்; எங்கள் பேச்சில் அது கந்தோர். எனக்குத் தமிழைத் தவிர வேறொரு மொழியும் சரியாக வராது. சிங்களமும் ஆங்கிலமும் பேசக்கூடிய ஓர் ஆள் வேண்டும் என்று நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். திருமணத்துக்கு முன் கொழும்பில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தவர் என்று தவமணியை அனுப்பினார்கள்.

வந்தவர் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். சுனாமியில் கணவரும் மகளும் போனது எனக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அதைப் பற்றி ஏதாவது பேச வேண்டும் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே முந்திக்கொண்டார்.

"நானா, முதல்லயே சொல்லிர்றன். பாவம் எண்டு நினைச்சு வேலை தர வேணாம். என்ட இங்கிலீஸ் சரியா இருந்தா தாங்க."

"அது சரியா பிழையா எண்டு எனக்கு எப்பிடித் தங்கச்சி தெரியும்?" என்றேன். அன்று அவர் சிரித்தார். மறுநாளே வேலைக்கு வந்தார்.

காத்தான்குடி முஸ்லிம் ஆளின் கந்தோரில் தமிழ்ப் பெண் வேலை செய்வதா என்று அவருடைய பக்கத்தில் பேசினார்கள். என் பக்கத்திலும் பேசினார்கள். இரண்டு பக்கத்துக்கும் இடையில் போர்க்காலத்தில் நடந்த கொலைகளை யாரும் மறந்திருக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. நோன்பு காலத்தில் அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவார். இங்கேயே சாப்பிடலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். கேட்கவில்லை.

தொலைபேசியில் எடுத்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எந்த மாசம் வந்தால் நல்லது?" பாசிக்குடாக் கடலுக்கு ஒரு காலம், பறவைகளுக்கு ஒரு காலம், கதிர்காமத்துக்கு நடப்பவர்களைப் பார்க்க ஆடி. இவை எல்லாம் தவமணிக்கு விரல் நுனியில் இருந்தன. அதிகம் பேர் கேட்டது யானைகளைப் பற்றி. வாவிக்கு மேற்கே, வவுணதீவும் அதற்கப்பால் உள்ள வயல்களும் முடிந்து, மலைகள் தெரியத் தொடங்கும் பக்கத்தில் ஒரு சரணாலயம் இருக்கிறது. போர்க்காலம் முழுவதும் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. திறந்துவிட்டார்கள் என்றதும் எல்லாருக்கும் அதைப் பார்க்க வேண்டும். ஆவணிதான் சிறந்த மாதம் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். அப்போது காட்டுக்குள் எல்லா நீர்நிலையும் வற்றிப்போகும். ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருக்கும். யானைகள் எல்லாம் அங்கே வந்தே ஆக வேண்டும். முதல் வருடம் நாங்களும் அப்படியே சொன்னோம்.

அந்த ஆவணியில் கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மட்டக்களப்பில் பிறந்து, சண்டை தொடங்கிய காலத்தில் வெளியேறிய ஒருவர், அவருடைய மனைவி, கல்யாணம் முடித்த இரண்டு மகள்மார், மருமக்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய பயணம் அது. காட்டு வாசல் வரை நான் வானில் கொண்டுபோனேன். அங்கிருந்து இரண்டு ஜீப். முன் ஜீப்பில் தவமணி அந்தக் கனடாக்காரரோடு ஏறினார். நானும் அதிலேயே பின்னால் தொற்றிக்கொண்டேன்.

குளம் என்று பெயர்தான். நடுவில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் கிடந்தது. சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த நிலம். அதன் மேல் வேறு ஊர்களிலிருந்து வந்த ஜீப்புகள் வளைத்து நின்றன. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்குள்ளிருந்து யானைகள் வந்தன. முன்னால் ஒரு முதிய பெண்யானை. அதன் முதுகெலும்பு வெளியே தெரிந்தது; இரண்டு கன்னமும் குழிந்துபோயிருந்தன. அதன் கால்களுக்கிடையில் ஒரு குட்டி. யானை நாலடி வைத்து நின்றது. முன்னால் ஜீப்புகள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தது. அங்கேயும் இரண்டு ஜீப் நகர்ந்து வந்து நின்றன. அவற்றிலிருந்தவர்களுக்கு யானையின் முகம் தெரிய வேண்டும். யானை திரும்பியும் போகாமல் வரவும் முடியாமல் துதிக்கையைத் தூக்கித் தண்ணீரின் மணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. குட்டி அதன் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது.

கனடாக்காரர் தவமணியிடம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகச் சொல்லுங்கோ தங்கச்சி. முகத்தை வடிவா எடுக்க வேணும்" என்றார்.

தவமணி சாரதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஜீப் பின்னுக்குப் போனது. சாரதிக்குப் பிழையாக விளங்கிவிட்டது போல என்று நினைத்த கனடாக்காரர் மறுபடியும் சொன்னார். தவமணியும் மறுபடியும் சாரதியிடம் சொன்னார். ஜீப் இன்னும் பின்னுக்குப் போய், மரங்களின் ஓரத்தில் நின்றது. எங்கள் இரண்டாவது ஜீப்பும் அதைப் பார்த்து விலகியது. அந்த இடைவெளியால் யானைகள் வரிசையாகத் தண்ணீருக்கு இறங்கின. அவை குடிக்கிற சத்தம் அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது.

"என்ன செய்யிறீங்கள் நீங்கள்?" என்று அவர் கத்தினார். "இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்!"

"அதுகளும் தூரத்திலருந்துதான் ஐயா வந்திருக்குதுகள்" என்றார் தவமணி. குரலை உயர்த்தவில்லை.

திரும்பி வந்து ஹோட்டல் வாசலில் இறங்கும்போது கனடாக்காரரின் மனைவி மட்டும், "அவர் பொல்லாத கோபக்காரர், மனசில வச்சிராதீங்கோ" என்று தவமணியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் குடும்பம் எங்களோடு எங்கும் வரவில்லை. மீதிப் பயணத்தை வேறு ஆட்களோடு போனார்கள்.

மறுநாள் கந்தோரில் நான் தவமணியோடு கதைத்தேன். கோபத்தை அடக்கித்தான் கதைத்தேன் என்று நினைக்கிறேன். பயணத்துக்கு வந்தவர்கள் கேட்பதைக் காட்டுவதுதான் நம்முடைய வேலை, நாம் பின்வாங்கினால் இன்னொருவன் முன்னால் போவான், யானைக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டேன். அவர் வாவிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "நானா, உங்களுக்கு ஒண்டு சொல்லவா?" என்றார்.

சுனாமிக்குப் பிறகு அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவருக்கே நினைவில்லை. கணவரின் உடல் கிடைத்திருந்தது, மகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உடுத்திருந்த துணி கிழிந்து போனதால் யாரோ ஓர் ஆணின் சட்டையைக் கொடுத்திருந்தார்கள். தலை விரிந்து, அந்தச் சட்டையோடு வகுப்பறை வாசலில் இருந்தபோது, மகளைப் பற்றி ஏதோ செய்தி கொண்டு வருவதுபோல ஒருவர் ஓடி வந்தார். தவமணி எழும்பி வாயைத் திறந்து அழத் தொடங்கினார். வந்தவரின் கையில் இருந்தது கமரா. அந்த ஆள் செய்தி எதுவும் கொண்டுவரவில்லை.

"எடுத்துட்டுப் போயிட்டார். அதோட முடிஞ்சுது எண்டுதான் நானும் நினைச்ச" என்றார்.

இரண்டு வருடங்கள் கழித்துக் கண் பார்வை குறைந்து, கொழும்பில் ஒரு வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். நடைபாதைச் சுவரில், ஆள் உயரத்துக்கு, கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் படம். கீழே உதவி கேட்டு ஆங்கிலத்தில் இரண்டு வரி. தவமணி அதன் கீழே இருந்த வாங்குப் பலகையில்தான் தன்னுடைய முறைக்காகக் காத்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். கீழே இருந்தவரை ஒருவரும் பார்க்கவில்லை.

"என்ட முகத்த எனக்கே அடையாளம் தெரியல்ல நானா. சட்டையத்தான் முதல்ல தெரிஞ்சுது." பிறகு சொன்னார்: "என்ட மகள் சிரிக்கிற நேரம், நாங்க மூண்டு பேரும் நல்லா இருந்த நேரம், ஒருத்தரும் எங்கள வந்து பாத்ததில்ல. நாங்க விழுந்து கிடந்த நேரம்தான் எல்லாருக்கும் எங்களப் பாக்க நல்ல நேரமாப் போயிட்டு."

அவர் சொல்லி முடித்ததும் கடைக்கு இறங்கிப் போனேன். தேநீர் வாங்கி வந்து கொடுத்தேன். ஆவணியில் காட்டுக்குப் போக என்னைக் கேட்காதீர்கள், மற்ற எந்த வேலையும் செய்கிறேன் என்றார். நானே அந்தப் பயணத்தை நிறுத்திவிடலாம் என்றேன். அவருக்காகச் சொன்னேன் என்பதைவிட, அந்த யானை துதிக்கையைத் தூக்கி நின்றது என் கண்ணைவிட்டும் போகவில்லை என்பதுதான் சரி.

அதன் பிறகு தொலைபேசியில் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மேசைக்கு மறுபக்கத்தில் இருப்பது பெரிய சோதனையாக இருந்தது.

"ஓம், ஆவணியில நிறைய யானை பாக்கலாம். ஆனா நாங்க ஆவணியில கூட்டிக்கொண்டு போறல்ல... இல்ல, காடு பூட்டல்ல. அப்ப அதுகளுக்குச் சரியான கஷ்டம்... தையில இல்லாட்டி மாசியில வாங்க. எல்லா இடமும் புல்லும் தண்ணியுமா இருக்கும். யானைகளுக்கு அதுதான் நல்ல மாசம்... பாக்கலாமா எண்டா, அநேகமா பாக்க ஏலாது."

அந்தக் கடைசி வசனத்தையாவது சொல்லாமல் விடக்கூடாதா என்று ஒருநாள் கெஞ்சினேன். "வந்து பாத்துட்டு நம்மள ஏசுறத விட, இப்பவே ஏசட்டும்" என்றார். சிலர் ஏசினார்கள். சிலர் சிரித்துவிட்டு வைத்தார்கள். என் மருமகன் கணக்குப் பார்த்துவிட்டு, அந்த அம்மா உங்களுக்குத் தொழில் பார்க்கிறாவா, யானைக்குத் தொழில் பார்க்கிறாவா என்று கேட்டார். ஆவணியில் வாவியில் தோணிப் பயணமும் கடற்கரையும் என்று எப்படியோ ஓட்டினோம். தொழில் பெரிதாகவும் இல்லை, படுத்துவிடவும் இல்லை.

மாசியில் வரச் சம்மதித்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் கண்டியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி ஒன்றை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வவுணதீவுக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்ட கமக்காரர் ஒருவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"யானை பாக்கக் காசு குடுத்துப் போறீங்களா? இஞ்ச ரெண்டு நாள் நில்லுங்ககா. எங்கட வயல் வட்டைக்குள்ளயே சும்மா காட்டுறன்."

"உங்கட வேளாண்மையிலயும் கை வச்சிட்டுதுகளா?" என்று தவமணி கேட்டார்.

அந்த மனிதரின் சிரிப்பு நின்றது. வெட்டுவதற்குக் கிடந்த நெல்லை யானை மிதித்துப்போனதை, காவலுக்குப் போன தன் மச்சான் மயிரிழையில் தப்பியதை எல்லாம் சொன்னார். தவமணி அவருக்கு எதிரே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தேநீர் ஆறிப்போனது. பயணிகள் வானில் காத்திருக்கிறார்கள் என்று நான் சைகை காட்டியும் எழும்பவில்லை. வானில் ஏறிய பிறகு, "அவருக்கும் கஷ்டம், அதுகளுக்கும் கஷ்டம். நான் ஆருக்கெண்டு பேச?" என்றார்.

அன்று நாங்கள் ஒரு யானையையும் காணவில்லை. குளம் கரை முட்ட நிறைந்து, நீர்க்காகங்கள் மட்டும் இறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. இடுப்பளவு புல். பாதையில் ஈரமான பெரிய காலடிகள், அவற்றுக்கு நடுவில் ஒரு குட்டியின் சின்னக் காலடிகள். ஓரிடத்தில் ஜீப்பை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தபோது, உள்ளே எங்கோ கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. அவசரமில்லாமல் மேய்கிற சத்தம். தவமணியின் முகத்தை அப்போது பார்த்தேன். அப்படி ஒரு நிறைவோடு அவரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

"இருக்குதுகள்" என்றார் மெதுவாக. "தங்கட பாட்டில இருக்குதுகள்."

கண்டிக்காரர் கமராவை மடியில் வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சிங்களத்தில் தவமணியிடம் ஏதோ கேட்டார், இருவரும் சிரித்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை.

தவமணி வேலையில்லாத ஒரு நாளில், மாசிக்கு மாசி, தனியாகவும் போய்வருவார். காட்டுக்குள் போகமாட்டார். வெளிவேலியை ஒட்டிய பாதையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். யாரையாவது துணைக்குக் கூட்டிப்போகலாமே என்றால், "ஆரு வருவா நானா, ஒண்டும் இல்லாதத பாக்க?" என்பார். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டில் ஒற்றையாகத்தான் இருந்தார். கணேசன் எத்தனையோ முறை தன் வீட்டுக்கு வந்துவிடும்படி கேட்டிருக்கிறார். பின்னேரம் கந்தோரைப் பூட்டும்போது அவர் சாவியைத் தருவதில் எப்போதும் சிறு தாமதம் இருக்கும். வீட்டுக்குப் போக அவருக்கு அவசரமே இருந்ததில்லை.

வருடாவருடம் மார்கழியில் கடற்கரையில் சுனாமி நினைவு நாள் நடக்கும். விளக்கேற்றுவார்கள், அழுவார்கள், படம் எடுக்கவும் ஆட்கள் வருவார்கள். அன்று தவமணி கந்தோருக்கு வந்துவிடுவார். விடுமுறை எடுக்கச் சொல்லி முதல் வருடம் நான் வற்புறுத்தினேன்.

"அண்டைக்குக் கடலடிக்குப் போனா எல்லாரும் என்ட முகத்தத்தான் பாப்பாங்க" என்றார். "நான் சித்திரையில போறன். மகள் பிறந்தது சித்திரை. கடலும் அப்ப பேசாமக் கிடக்கும்."

என் உம்மா மௌத்தான வருடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர் இறந்த அன்று எங்கள் வீடு கொள்ளாத சனம். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், கடைக்காரர்கள், பள்ளிவாசல் ஆட்கள். தவமணி வரவில்லை. தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசினார், கந்தோரைப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருடம் கூட வேலை செய்தவர் முகம் காட்டவில்லையே என்று வீட்டில் குறைப்பட்டார்கள். எனக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதியும் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் தங்கள் வீடுகளுக்கு, மனைவி ஒரு மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஏறாவூருக்கு. உம்மாவின் கட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் அதற்கு எதிரே நான் உட்கார்ந்திருந்த ஒரு பின்னேரம், படலைக்கு வெளியே நின்று, "நானா, இப்ப வந்தா உங்களுக்குச் சரியா?" என்று ஒரு குரல் கேட்டது.

தவமணி பழம் கொண்டு வந்திருந்தார். வெளிவிறாந்தையில், கதவைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் இருந்தோம். "ஏன் அண்டைக்கு வரல்ல?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு உங்களச் சுத்தி ஆக்கள் இருந்தாங்க. நான் வந்து என்ன செய்யிற? இண்டைக்குத்தான் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க எண்டு தெரியும்." பிறகு, "உங்கட உம்மா எப்பிடிப்பட்ட ஆள்?" என்று கேட்டார்.

அந்த நாற்பது நாளில் வந்த அத்தனை பேரில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. எப்படி மௌத்தானார் என்றே எல்லாரும் கேட்டார்கள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நான் உம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பஸ் போய்விடும் என்று எழும்பினார்.

அவருக்கு நெஞ்சு நோவு இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. வீட்டில் மாத்திரைகள் இருந்ததாகப் பிறகு கணேசன் சொன்னார். அன்று விடிந்தும் வாசல் கூட்டாமல் கிடப்பதைப் பார்த்து பக்கத்து வீட்டுப் பெண் போய்க் கூப்பிட்டிருக்கிறார். முதல் நாள் மாலை கந்தோரைப் பூட்டும்போது வழக்கம்போலத்தான் என்னிடம் சாவியைத் தந்தார். அடுத்த கிழமை இரண்டு பேர் காட்டுக்கு வருகிறார்கள், மழை வராவிட்டால் நல்லது என்றார். நான் தலையை நிமிர்த்தாமல் ஓம் என்றேன்.

அந்த இரண்டு பேரையும் நான்தான் கூட்டிப்போனேன். மேசையின் மறுபக்கத்தில் இன்னும் யாரையும் வைக்கவில்லை. தொலைபேசி அடித்தால், தமிழ் பேசுகிறவர்கள் என்றால் நான் பதில் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் பிறகு எடுக்கச் சொல்லத் தெரிந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

தவமணியிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். சாவீட்டுக்கு இப்போது நான் இரண்டு தடவை போகிறேன். எல்லாரும் போகும்போது முறைக்கு ஒரு தடவை. எல்லாரும் போன பிறகு இன்னொரு தடவை.

அவருடைய முப்பத்தோராம் நாள் கிரியையும் கழிந்து, சித்திரை முடிந்து, வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தேற்றாத்தீவில் கணேசன் வீட்டுக்குப் போனேன். பந்தல் போட்ட கம்பங்கள் நின்ற குழிகள் மூடப்பட்டிருந்தன. படலையில் நின்று கூப்பிட்டேன். கணேசன் தனியாக இருந்தார். வீட்டிலுள்ளவர்கள் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தார்கள். முழங்கால் வருத்தத்தால் அவரால் நடக்க முடிவதில்லை. ஏதும் அலுவலா என்று பதறிப்போய்க் கேட்டார். சும்மாதான் வந்தேன் என்றேன். நம்பாதவர்போல என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி சின்னதில எப்பிடி?" என்று கேட்டேன்.

அவர் பேசத் தொடங்கி நிறுத்தவே இல்லை. வாவியில் தோணி கவிழ்ந்து இருவரும் நீந்திக் கரையேறி, அப்பாவிடம் இருவரும் ஒரே பொய்யைச் சொன்னது. கொழும்பில் வேலை கிடைத்த முதல் மாதம் அவள் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தது. பிறகு கணவரான குணரத்தினத்தைத்தான் கல்யாணம் முடிப்பேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது. எனக்குத் தெரிந்த அமைதியான மனுசிக்குள் இத்தனை குறும்பு இருந்ததா என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

நான் எழும்பியபோது, "மறுகா எப்ப வருவீங்க நானா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்ப வந்தா நல்லம்?" என்றேன்.

"எனக்கா?" என்றார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டு வெகுகாலமாகியிருக்க வேண்டும். கோயிலுக்குப் போனவர்கள் வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமைகளில வாங்க. இந்த நேரத்துக்குத்தான் நான் தனிய இருப்பன்" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் நான் தேற்றாத்தீவுக்குப் புறப்படுகிறேன்.